எத்தனை நாள் பதிவு இருக்கணும்? கேமரா ரெக்கார்டர் வாங்கும் முன் ஒரு கணக்கு



சேமிப்பு, உள்கடன் என்று ஆரம்பித்த நம் குழுக்கள் இன்று கடை, மசாலா அரவைக்கூடம், தையல் கூடம், கிடங்கு என்று வளர்ந்து நிற்கின்றன. பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் பணமும் சரக்கும் புழங்கும் இடத்தில் பாதுகாப்பு பற்றிய கவலையும் கூடவே வந்து விடுகிறது. அதனால்தான் இப்போதெல்லாம் செயற்குழுக் கூட்டங்களில் "கேமரா மாட்டலாமா?" என்ற பேச்சு அடிக்கடி வருகிறது.

மாட்டலாம், தப்பே இல்லை. ஆனால் கேமரா வாங்கும்போது எல்லோரும் கேமராவைத்தான் பார்க்கிறோம். எத்தனை கேமரா, படம் தெளிவா தெரியுதா, இருட்டிலும் தெரியுமா, செல்போனில் பார்க்கலாமா என்று விதவிதமாகக் கேட்கிறோம். கேமரா எடுத்த படம் எங்கே போய்ச் சேருகிறது, அது எத்தனை நாள் அங்கே இருக்கும் என்று யாரும் கேட்பதில்லை. நாங்களும் கேட்கவில்லை. கேட்காமல் விட்டதால் ஒரு சகோதரியின் மனதை எவ்வளவு நோகடித்தோம் என்பதை முதலில் சொல்லி விடுகிறோம்.

என்ன நடந்தது?

நாங்கள் களப்பணி செய்யும் பகுதியில் ஒரு கூட்டமைப்பு விற்பனைக் கடை நடத்துகிறது. மசாலாப் பொடி, ஊறுகாய், சத்துமாவு, துணிப்பை எல்லாம் அங்கே கிடைக்கும். கல்லா, வாசல், கிடங்கு, அரவை இயந்திரம் ஆகிய 4 இடங்களில் கேமரா மாட்டியிருந்தார்கள். மாதம் ஒருமுறை, 5-ஆம் தேதி, கணக்கர் வந்து மொத்தக் கணக்கையும் சரிபார்ப்பார்.

ஒரு மாதம் அப்படிச் சரிபார்த்தபோது 7,200 ரூபாய் இடித்தது. பில் புத்தகத்தையும் வங்கியில் கட்டிய ரசீதுகளையும் ஒவ்வொரு நாளாக ஒப்பிட்டதில், போன மாதம் 14-ஆம் தேதி விற்ற பணத்தில்தான் குறைகிறது என்று தெரிந்தது. அன்று கல்லாவில் இருந்தவர் 6 வருடமாக அந்தக் கடையில் வேலை பார்க்கும் அக்கா.

"நான் ஒரு பைசா தொடலைம்மா. கேமரா இருக்குல்ல, போட்டுப் பாருங்க" என்று அந்த அக்காவேதான் முதலில் சொன்னார். எல்லோருக்கும் நிம்மதி. டிவியில் போட்டு 14-ஆம் தேதியைத் தேடினோம். வரவில்லை. 20-ஆம் தேதி? இல்லை. 25? இல்லை. பெட்டிக்குள் இருந்த மிகப் பழைய பதிவே 31-ஆம் தேதிக்கு உரியதுதான். அதாவது வெறும் 5 நாள்.

கேமரா மாட்டிய தம்பிக்கு போன் போட்டோம். "உள்ள 500 ஜிபி ஹார்ட்டிஸ்க்தான் மேடம் போட்டிருக்கு. நாலு கேமராவுக்கு அவ்வளவுதான் நிக்கும்" என்றார். அவர் மேல் கோபம் வந்தது. பிறகு பழைய கோப்பை எடுத்துப் பார்த்தோம். விலைப்புள்ளியில் "4 கேமரா, டிவிஆர், ஹார்ட்டிஸ்க், ஒயர், மாட்டும் கூலி" என்று மட்டும்தான் இருந்தது. ஹார்ட்டிஸ்க் எவ்வளவு பெரியது என்று ஒரு வார்த்தை இல்லை. மூன்று விலைப்புள்ளியில் குறைந்ததைத் தேர்வு செய்து தீர்மானம் போட்ட அந்தக் கூட்டத்தில் நாங்களும் உட்கார்ந்திருந்தோம். எங்களுக்கும் கேட்கத் தோன்றவில்லை.

பதிவு இல்லை என்றானதும் பேச்சு மாறிப்போனது. நேரில் யாரும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் ஊருக்குள் சொன்னார்கள். அடுத்த வாரத்திலிருந்து அந்த அக்கா கடைக்கு வருவதை நிறுத்தி விட்டார். மீதிக் கதையைக் கடைசியில் சொல்கிறோம். அதற்கு முன் அந்தப் பெட்டியைப் பற்றித் தெரிந்து கொள்வோம்.

டிவிஆர் என்றால் என்ன?

கேமராவிலிருந்து வரும் ஒயர்கள் எல்லாம் ஒரு பெட்டியில் போய்ச் சேரும். அதுதான் டிவிஆர், அதாவது டிஜிட்டல் வீடியோ ரெக்கார்டர். இணைய ஒயர் வழியே படம் அனுப்பும் கேமராவாக இருந்தால் அந்தப் பெட்டியை என்விஆர் என்பார்கள். இரண்டிலும் படத்தைச் சேமித்து வைப்பது உள்ளே இருக்கும் ஹார்ட்டிஸ்க்தான். அதன் கொள்ளளவை ஜிபி, டிபி என்று சொல்வார்கள். 1,000 ஜிபி சேர்ந்தது 1 டிபி. கடைகளில் பெரும்பாலும் 500 ஜிபி, 1 டிபி, 2 டிபி, 4 டிபி என்ற அளவுகளைச் சொல்வார்கள்.

செட்டாப் பாக்சில் பென்டிரைவ் செருகி சீரியல் பதிவு செய்தவர்களுக்குத் தெரியும். பென்டிரைவ் நிறைந்து விட்டால் பதிவு நின்று விடும். பழையதை நாமே அழித்தால்தான் மறுபடி பதியும். கேமரா ரெக்கார்டர் பொதுவாக அப்படி நிற்காது. இடம் நிறைந்ததும் மிகப் பழைய பதிவைத் தானாக அழித்து விட்டு, அந்த இடத்தில் புதியதை எழுதும். யாரிடமும் கேட்காது, சொல்லவும் சொல்லாது.

சிலேட்டை நினைத்துப் பாருங்கள். கீழே வரை எழுதி முடித்ததும் மேலே முதல் வரியை அழித்து அங்கே எழுதுவோம் இல்லையா? அதேதான். ஹார்ட்டிஸ்க் என்பது சிலேட்டின் அளவு. படத்தின் தரம் என்பது எழுத்தின் அளவு. பெரிய எழுத்தாக எழுதினால் சிலேட்டு சீக்கிரம் நிறையும். கேமராக்களின் எண்ணிக்கை என்பது ஒரே சிலேட்டில் எழுதும் பிள்ளைகளின் எண்ணிக்கை. நாலு பிள்ளை எழுதினால் நாலு மடங்கு வேகமாக நிறையும். இந்த மூன்றும் புரிந்தால் போதும், மீதி எல்லாம் பெருக்கல் வகுத்தல்தான்.

முதல் கேள்வி: நமக்கு எத்தனை நாள் வேண்டும்?

கடைக்காரரிடம் போய் "எத்தனை ஜிபி நல்லது?" என்று கேட்டால் அவருக்குத் தோன்றியதைச் சொல்வார். நாம் கேட்க வேண்டியது நாள் கணக்கு. அந்த நாள் கணக்கைக் கடைக்காரர் சொல்ல முடியாது, நாம்தான் சொல்ல வேண்டும். எப்படித் தெரிந்து கொள்வது?

பூட்டை உடைத்துத் திருடினால் மறுநாள் காலையே தெரிந்து விடும். அதற்கு 5 நாள் பதிவே போதும். ஆனால் குழுக்களில் வரும் சிக்கல்கள் பெரும்பாலும் அப்படித் தெரிவதில்லை. பணம் குறைவது, சரக்கு மூட்டை குறைவது, "கொடுத்தேன்", "வாங்கலை" என்ற தகராறு எல்லாம் கணக்குப் பார்க்கும் அன்றுதான் வெளியே வரும். அதனால் பதிவு நிற்கும் நாட்கள், ஒரு கணக்கு முடிப்பதற்கும் அடுத்த கணக்கு முடிப்பதற்கும் உள்ள இடைவெளியை விட அதிகமாக இருக்க வேண்டும். இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை ஞாபகம் வைத்துக் கொள்வதென்றால் இதை வைத்துக் கொள்ளுங்கள்.

அந்தக் கடையையே எடுத்துக் கொள்வோம். ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதி கணக்கு. போன மாதம் 1-ஆம் தேதி நடந்த தவறு இந்த மாதம் 5-ஆம் தேதிதான் தெரிய வரும். அதாவது 35 நாள். தெரிந்த உடனே யாரும் கேமராவைப் பார்ப்பதில்லை. செயற்குழுவைக் கூட்ட வேண்டும், பேச வேண்டும், பதிவை எடுக்க ஆள் வர வேண்டும். அதற்கு 10 நாள் சேர்த்துக் கொள்வோம். மொத்தம் 45 நாள். அவர்களுக்குத் தேவைப்பட்டது 45 நாள், இருந்ததோ 5 நாள்.

வாரம் ஒருமுறை கணக்கு முடிக்கும் கூட்டமைப்புக்கு? 7 நாளும் 10 நாளும் சேர்த்து 17 நாள் போதும்.

பெரிய இடங்களிலும் இதே கதைதான். 2016 நவம்பர் 8 அன்று 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்ததும் வங்கி வாசலில் நாம் வரிசையில் நின்றது ஞாபகம் இருக்கிறதா? அப்போது நவம்பர் 8 முதல் டிசம்பர் 30 வரையிலான கேமரா பதிவுகளை அழியாமல் பாதுகாத்து வைக்கும்படி ரிசர்வ் வங்கி எல்லா வங்கிகளுக்கும் அந்த டிசம்பர் மாதமே சொன்னது. சொல்லாமல் விட்டால் பெட்டி தன் வழக்கப்படி பழையதை அழித்துக் கொண்டே போகுமே! அதேபோல் 2020 டிசம்பர் 2 அன்று உச்ச நீதிமன்றம் எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வைக்க வேண்டும் என்று உத்தரவிட்டபோது, பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும், அதற்கேற்ற கருவி கிடைக்காவிட்டாலும் 1 வருடத்துக்குக் குறையக் கூடாது என்று சொன்னது. காவல் நிலையத்தில் நடந்த ஒன்றைப் பற்றிப் புகார் வர மாதக்கணக்கில் ஆகலாம் அல்லவா? நமக்கு 18 மாதம் தேவையில்லை. ஆனால் 'எத்தனை நாள்' என்று முதலில் முடிவு செய்யும் முறை நமக்கும் பொருந்தும்.

இரண்டாவது: எத்தனை ஜிபி ஆகும்? வாங்க, கணக்குப் போடுவோம்

ஒவ்வொரு கேமராவுக்கும் டிவிஆரில் 'பிட்ரேட்' என்று ஓர் எண் அமைத்திருப்பார்கள். ஒரு நொடியில் எவ்வளவு படத் தகவல் உள்ளே போகிறது என்பதே அது. குழாயில் தண்ணீர் வரும் வேகம் மாதிரி. மாட்டுபவரிடம் "பிட்ரேட் எவ்வளவு வெச்சிருக்கீங்க?" என்று கேட்டால் சொல்வார். 1 எம்பிபிஎஸ், 2 எம்பிபிஎஸ், 4 எம்பிபிஎஸ் என்பது போல இருக்கும்.

அந்த எண்ணை 11-ஆல் பெருக்குங்கள். ஒரு கேமரா ஒரு நாள் முழுக்க எத்தனை ஜிபி எடுக்கும் என்பது தோராயமாக வந்து விடும். (சரியாகப் பார்த்தால் 10.8. நாம் 11 என்றே வைத்துக் கொள்ளலாம்.)

படி 1: பிட்ரேட் 2 என்றால், 2 × 11 = 22. ஒரு கேமராவுக்கு ஒரு நாளைக்கு 22 ஜிபி.
படி 2: 4 கேமரா என்றால், 22 × 4 = 88. ஒரு நாளைக்கு 88 ஜிபி.
படி 3: வேண்டிய நாட்களால் பெருக்குங்கள். 88 × 45 = 3,960 ஜிபி. அதாவது 4 டிபி.

500 ஜிபியை 88-ஆல் வகுத்துப் பாருங்கள். 5 நாளும் சொச்சமும் வருகிறது. அந்தக் கடையில் நடந்தது அச்சு அசலாக இதுதான். இந்த வகுத்தலை அன்றைக்குக் கூட்டத்தில் உட்கார்ந்து போட்டிருந்தால் 2 நிமிடம் ஆகியிருக்குமா?

4 கேமரா, ஒவ்வொன்றும் 2 எம்பிபிஎஸ், இரவும் பகலும் பதிவு என்றால்:

500 ஜிபி – சுமார் 5 நாள்
1 டிபி – சுமார் 11 நாள்
2 டிபி – சுமார் 22 நாள்
4 டிபி – சுமார் 45 நாள்

கேமரா 8 ஆனால் இந்த நாட்கள் பாதியாகி விடும். 2 கேமரா மட்டும் என்றால் இரண்டு மடங்காகும். இன்னொன்று: 1 டிபி டிஸ்க்கைக் கணினியில் போட்டால் 931 ஜிபி என்று காட்டும். ஏமாற்றி விட்டார்கள் என்று பயப்பட வேண்டாம். தயாரிப்பாளர் எண்ணும் முறையும் கணினி எண்ணும் முறையும் வேறு, அவ்வளவுதான். ஆனாலும் கணக்கில் வரும் நாட்களில் ஒன்றிரண்டைக் குறைத்தே நினைத்துக் கொள்ளுங்கள்.

பெரிய டிஸ்க் வாங்காமல் நாட்களை நீட்டிக்க முடியுமா?

முடியும். வழிகள் உண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு கவனமும் உண்டு.

1. எச்.265 முறை: படத்தைச் சுருக்கி வைக்கும் முறைகளில் எச்.264 பழையது, எச்.265 புதியது. புதிய முறையில், தரம் பெரிதாகக் குறையாமல், ஏறக்குறைய பாதி இடத்தில் படத்தை அடக்கலாம். 2 எம்பிபிஎஸ் வேண்டிய இடத்தில் 1 எம்பிபிஎஸ் வைத்தால், மேலே சொன்ன 45 நாளுக்கு 4 டிபிக்குப் பதில் 2 டிபி போதும். ஆனால் வாங்கும் டிவிஆர் அந்த முறையை ஏற்குமா என்று கேட்க வேண்டும். மாட்டிய பிறகு அதை அமைத்துத் தந்திருக்கிறார்களா என்றும் பார்க்க வேண்டும். பெட்டியில் வசதி இருந்தும் பழைய முறையிலேயே விட்டுப் போவது உண்டு.

2. அசைவு இருந்தால் மட்டும் பதிவு: ஆள் நடமாட்டம் இருக்கும்போது மட்டும் பதியும்படி வைக்கலாம். இரவில் பூட்டிக் கிடக்கும் கிடங்குக்கு இது நல்லது. ஆனால் கேமரா முன்னால் சிலந்தி வலை கட்டினாலும், விளக்குப் பூச்சி பறந்தாலும், பல்லி ஓடினாலும் அதையும் அசைவு என்று எடுத்துக் கொள்ளும். சில நேரம் உண்மையான அசைவையே தவற விடும். அதனால் கல்லாப்பெட்டியைப் பார்க்கும் கேமராவைக் கடை திறந்திருக்கும் நேரம் முழுக்க விடாமல் பதியும்படியே வையுங்கள்.

3. நொடிக்கு எத்தனை படம்: வீடியோ என்பது நொடிக்கு 25 படங்களை வேகமாக ஓட்டிக் காட்டுவதுதான். கடைக்கும் கிடங்குக்கும் 12 அல்லது 15 படமே போதுமானது. இதைக் குறைக்கும்போது பிட்ரேட்டையும் சேர்த்துக் குறைக்கச் சொல்லுங்கள். பிட்ரேட்டை நிலையாக வைத்து விட்டால் படத்தைக் குறைத்தும் இடம் மிச்சமாகாது.

4. தரத்தைக் குறைப்பது: வாசல் கேமராவுக்குக் கொஞ்சம் குறைத்தால் பரவாயில்லை. கல்லா கேமராவில் குறைக்கவே கூடாது. 60 நாள் பதிவு இருந்தும், கையில் இருப்பது 100 ரூபாய் நோட்டா 500 ரூபாய் நோட்டா என்று தெரியவில்லை என்றால் அதனால் என்ன பயன்?

5. கணக்கை அடிக்கடி முடிப்பது: இதற்குக் காசே வேண்டாம்! மாதக் கணக்கை வாரக் கணக்கு ஆக்கினால் தேவைப்படும் நாள் 45-லிருந்து 17 ஆகிறது. எச்.265 முறையில் 4 கேமராவுக்கு 1 டிபி டிஸ்க்கே போதும். நம் பழக்கத்தை மாற்றினால் செலவும் குறைகிறது, தவறும் சூட்டோடு சூடாகத் தெரிந்து விடுகிறது.

விலைப்புள்ளி வாங்கும்போது என்ன கேட்க வேண்டும்?

விலை அடிக்கடி மாறுவதால் நாங்கள் தொகை எதுவும் எழுதவில்லை. குறைந்தது மூன்று கடைகளில் கேளுங்கள். பொதுவாகக் கொள்ளளவு இரண்டு மடங்கானால் விலை இரண்டு மடங்காவதில்லை. 500 ஜிபிக்கும் 2 டிபிக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று கேட்டு, மொத்தச் செலவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இந்தக் கேள்விகளை ஒரு தாளில் எழுதிக் கொண்டே போங்கள்:

● "எங்களுக்கு இத்தனை கேமராவுக்கு இத்தனை நாள் பதிவு வேணும். அதுக்கு எத்தனை டிபி?" (அவர் சொல்வதை உங்கள் கணக்கோடு ஒப்பிடுங்கள்.)
● "ஹார்ட்டிஸ்க் எந்தக் கம்பெனி, எத்தனை டிபி, புதுசா?" இது விலைப்புள்ளியிலும் பில்லிலும் எழுத்தில் வர வேண்டும்.
● "இது கேமராவுக்குன்னே செய்த டிஸ்க்கா?" சாதாரணக் கணினி டிஸ்க் நாள் முழுக்க ஓயாமல் எழுதிக் கொண்டிருப்பதற்காகச் செய்ததல்ல. கண்காணிப்புக்கென்றே வெஸ்டர்ன் டிஜிட்டலில் 'பர்ப்பிள்', சீகேட்டில் 'ஸ்கைஹாக்' என்று தனி வகை உண்டு.
● "இந்த டிவிஆர் அதிகபட்சம் எத்தனை டிபி வரை ஏற்கும்?" நாளைக்குப் பெரிய டிஸ்க் மாற்ற நினைத்தால் பெட்டி இடம் கொடுக்க வேண்டும்.
● "டிஸ்க்குக்கு வாரண்டி எத்தனை வருஷம்?" டிவிஆருக்கு ஒரு வாரண்டி, டிஸ்க்குக்கு ஒரு வாரண்டி என்று தனித்தனியாக இருக்கும். டிஸ்க்கின் மேல் இருக்கும் வரிசை எண்ணை பில்லில் எழுதி வாங்குங்கள். அந்த எண்ணைத் தயாரிப்பாளரின் இணையதளத்தில் போட்டு வாரண்டி எதுவரை என்று பார்க்கலாம். பழைய டிஸ்க்கைப் புதிது என்று தள்ளி விடுபவர்களிடமிருந்து தப்பிக்க இது ஒரு வழி.

ஏற்கெனவே சின்ன டிஸ்க் போட்டு விட்டீர்களா? மொத்தத்தையும் மாற்ற வேண்டியதில்லை. பெட்டி ஏற்கும் அளவு வரை டிஸ்க்கை மட்டும் மாற்றலாம். ஆனால் புதிய டிஸ்க் வெறுமையாகத்தான் ஆரம்பிக்கும். பழைய டிஸ்க்கில்தான் பழைய பதிவு இருக்கும். அதை மாட்டுபவர் கையில் கொடுத்து விடாமல் அலுவலக அலமாரியில் பூட்டி வையுங்கள்.

மாட்டிய பிறகு

● மாதத்தின் முதல் நாள் டிவிஆரில் மிகப் பழைய பதிவு எந்தத் தேதி என்று பார்த்து, ஒரு நோட்டில் எழுதுங்கள். 5 நிமிட வேலைதான். "45 நாள் நிக்கும்" என்று சொன்ன பெட்டியில் 20 நாள்தான் இருக்கிறதென்றால் அன்றே தெரிந்து விடும்.
● பெட்டியிலிருந்து விடாமல் 'பீப் பீப்' என்று சத்தம் வந்தால் டிஸ்க்கில் கோளாறாக இருக்கலாம். தொந்தரவாக இருக்கிறது என்று சத்தத்தை மட்டும் நிறுத்தி விடாதீர்கள். திரையில் படம் ஓடும், உள்ளே ஒன்றும் பதியாது!
● தேதியும் நேரமும் சரியாக இருக்கிறதா பாருங்கள். உள்ளே ஒரு சின்ன பட்டன் பேட்டரி இருக்கும். அது தீர்ந்து விட்டால் மின்சாரம் போய் வந்ததும் தேதி பல வருடம் பின்னால் போய் விடும். தேதி தவறான பதிவை வைத்து யாரையும் எதுவும் கேட்க முடியாது.
● மின்வெட்டு உள்ள ஊர் என்றால் யுபிஎஸ் கட்டாயம். திடீர் திடீரென்று மின்சாரம் போவது டிஸ்க்கையும் கெடுக்கும்.
● மிளகாய்ப் பொடி, மாவுத் தூசி படாத இடத்தில், காற்றோட்டத்தோடு, பூட்டிய அலமாரியில் பெட்டியை வையுங்கள். கல்லாவுக்குப் பக்கத்திலேயே வைத்தால் திருட வருபவர் பெட்டியையும் தூக்கிக் கொண்டு போய் விடுவார்.

யார் பார்க்கலாம்? இதையும் தீர்மானமாகப் போடுங்கள்

பதிவு அதிக நாள் நிற்கிறது என்றால், அதில் நம் சகோதரிகளின் முகமும் நடமாட்டமும் அத்தனை நாள் இருக்கிறது என்று பொருள். ஆகவே உடை மாற்றும் இடம், கழிவறை வழி, குழந்தைக்குப் பால் கொடுக்கும் இடம் எதிலும் கேமரா கூடாது. தையல் கூடத்தில் அளவெடுக்கும் மூலையையும் கேமரா பார்க்கக் கூடாது. மாட்டுபவர் போட்டுக் கொடுத்த பாஸ்வேர்டை அன்றைக்கே மாற்றி விடுங்கள். யார் யார் செல்போனில் படம் தெரிகிறது என்று கேட்டுத் தேவையில்லாததை நீக்கச் சொல்லுங்கள். சோதித்துப் பார்ப்பதற்காக மாட்டியவர் தன் போனில் இணைத்திருப்பார், அதுவும் நீக்கப்பட வேண்டும். பழைய பதிவைப் பார்ப்பதென்றால் இரண்டு பொறுப்பாளர்கள் சேர்ந்தே பார்க்க வேண்டும், பார்த்ததை நோட்டில் எழுத வேண்டும் என்று தீர்மானப் புத்தகத்தில் ஏற்றி விடுங்கள். 'இங்கே கேமரா உள்ளது' என்ற அறிவிப்புப் பலகையும் வையுங்கள்.

ஏதாவது நடந்து விட்டால்

பேசி முடிவு செய்த பிறகு எடுத்துக் கொள்ளலாம் என்று இருக்கக் கூடாது. பெட்டி காத்திருக்காது. சந்தேகம் வந்த அன்றே அந்த நாளின் பதிவை பென்டிரைவில் எடுத்து வையுங்கள். காவல் நிலையம், நீதிமன்றம் என்று போகும் விஷயமாக இருந்தால் வெறும் பென்டிரைவ் மட்டும் போதாது. மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் வேண்டும். முன்பு 1872-ஆம் வருடத்து இந்திய சாட்சியச் சட்டத்தின் 65-பி பிரிவில் அது இருந்தது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷ்ய அதிநியம் 2023 என்ற புதிய சட்டத்தின் 63-ஆம் பிரிவில் இருக்கிறது. கருவிக்குப் பொறுப்பானவரும் தொழில்நுட்ப வல்லுநர் ஒருவரும் அதில் கையெழுத்திட வேண்டும். அதனால் டிஸ்க்கைக் கழற்றாமல், எதையும் அழிக்காமல், காவல் துறையிடமோ வழக்கறிஞரிடமோ கேட்டுச் செய்யுங்கள்.

அந்த அக்கா என்ன ஆனார்?

இரண்டு மாதம் கழித்து, மிளகாய் வியாபாரி தன் பாக்கிக் கணக்கை நேர் செய்ய வந்தார். அவர் புத்தகத்தில் 14-ஆம் தேதி மாலை 7,200 ரூபாய் வரவு என்று இருந்தது! விசாரித்தபோதுதான் தெரிந்தது. அன்று அக்கா மாலையில் சீக்கிரம் கிளம்ப, மாற்றாகக் கல்லாவில் நின்ற இன்னொரு உறுப்பினர் வியாபாரி கேட்டதும் பணத்தை எடுத்துக் கொடுத்திருக்கிறார். வவுச்சர் எழுதவில்லை. வியாபாரி கொடுத்த துண்டுச் சீட்டு பில் புத்தகத்தின் அட்டைக்குள் செருகியபடியே இருந்தது. கொடுத்தவருக்கு அது நினைவிலேயே இல்லை. திருட்டும் இல்லை, திருடியவரும் இல்லை.

பொறுப்பாளர்களும் நாங்களும் அக்கா வீட்டுக்குப் போனோம். மன்னிப்புக் கேட்டோம். டீ போட்டுக் கொடுத்தார். "காசு போனா சம்பாதிச்சுக்கலாம்மா. பேரு போனா எங்க போய் வாங்குறது?" என்று மட்டும் கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. அடுத்த மாதக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் நடந்ததைச் சொல்லித் தீர்மானப் புத்தகத்திலும் எழுதினோம். இப்போது மறுபடி வேலைக்கு வருகிறார். ஆனால் கல்லாவில் உட்காருவதில்லை. "மிளகா அரைக்கிற பக்கமே இருந்துக்குறேன்" என்கிறார்.

அந்தக் கூட்டமைப்பில் இப்போது எச்.265 முறையில் 2 டிபி டிஸ்க் போட்டிருக்கிறார்கள். கணக்கையும் வாரம்தோறும் சனிக்கிழமை முடிக்கிறார்கள். வவுச்சர் இல்லாமல் கல்லாவிலிருந்து ஒரு ரூபாய் கூட எடுக்கக் கூடாது என்றும் தீர்மானம் போட்டிருக்கிறார்கள். வவுச்சர் எழுதியிருந்தால் கேமராவே தேவைப்பட்டிருக்காது. கேமரா ஒத்தாசைக்குத்தான். நம் கணக்குப் புத்தகம்தான் முதல் சாட்சி.

கேமரா நம்மை வேவு பார்க்கத்தான் என்று பல சகோதரிகள் நினைக்கிறார்கள். நேர்மையாக வேலை செய்பவருக்கு அது துணை நிற்க வேண்டிய பொருள். துணை நிற்க வேண்டிய நாளில் பதிவு அழியாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்த கூட்டத்தில் செய்து பாருங்கள்!

இந்தக் கட்டுரையை ஊக்குநர் வாசித்துக் காட்டட்டும். பிறகு எல்லோருமாகச் சேர்ந்து கரும்பலகையில் மூன்று விடை எழுதுங்கள்: நம் கணக்கை எத்தனை நாளுக்கு ஒருமுறை முடிக்கிறோம்? நம் பெட்டியில் மிகப் பழைய பதிவு எந்தத் தேதி? இரண்டுக்கும் நடுவில் எத்தனை நாள் துண்டு விழுகிறது? துண்டு விழுந்தால் அன்றைக்கே தீர்மானம் போடுங்கள். பெருக்கல் கணக்கில் சந்தேகம் வந்தால் உங்கள் பகுதி களப்பணியாளரைக் கேளுங்கள், உட்கார்ந்து சேர்ந்து போடுவோம்.